ரூன்கிராஃப்ட் ஏற மாட்டேங்குதா? பால் வாளிக் கணக்கில் ஒரு வழிகாட்டி

பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தி மகன் போனில் ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ இறக்கி விளையாட ஆரம்பித்தான். மரம் வெட்டினான், மீன் பிடித்தான், கோழி அடித்தான். எல்லாம் மளமளவென்று ஏறியது. நாலாம் நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். “அண்ணே, இந்த ரூன்கிராஃப்ட் மட்டும் ஏறவே மாட்டேங்குது லா. நடந்து நடந்து காலே போச்சு.” நடந்தது அவன் இல்லை, திரையில் இருக்கும் பொம்மைதான். இருந்தாலும் அவன் அலுப்பு எனக்குப் புரிந்தது. அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சந்தா கட்டாமல் இலவசமாக ஆடுகிறவர்களை மனதில் வைத்துத்தான் பெரும்பகுதியும். சந்தாக்காரர்களுக்குக் கடைசியில் கொஞ்சம்.

முதலில் இது என்ன திறன் என்று பார்த்துவிடுவோம். ரூன்ஸ்கேப்பில் மந்திரம் சும்மா வராது. ஒவ்வொரு மந்திரத்துக்கும் ரூன் கற்கள் செலவாகும். ஆக எளிய காற்று மந்திரத்துக்கு ஒரு காற்று ரூன், ஒரு மனோ ரூன். வாராக் நகரத்துக்கு ஒரே நொடியில் தாவ ஒரு சட்ட ரூன், 3 காற்று ரூன், ஒரு தீ ரூன். பொருளைப் பொற்காசாக மாற்றும் உயர் ரசவாதத்துக்கு ஒரு இயற்கை ரூன், 5 தீ ரூன். போட்டால் போட்டதுதான், கல் திரும்ப வராது. அந்தக் கல்லைக் கடையில் வாங்கலாம், அரக்கனை அடித்து எடுக்கலாம், அல்லது நாமே செய்யலாம். நாமே செய்வதற்குப் பெயர்தான் ரூன்கிராஃப்ட். 2004 மார்ச்சில் விளையாட்டுக்குள் வந்த திறன் இது. 2013-இல் பழைய வடிவத்தைத் தனியாகத் திறந்தபோது அதிலும் இருந்தது. 2018 அக்டோபரில் கைப்பேசிக்கும் வந்துவிட்டது.

செய்முறை ரொம்பச் சின்னது. சுரங்கத்தில் எசன்ஸ் என்ற வெற்றுக் கல்லை வெட்ட வேண்டும். அதைச் சுமந்துகொண்டு ஒரு பீடத்துக்குப் போக வேண்டும். பீடத்தைத் தட்டினால் பையில் உள்ள எசன்ஸ் அத்தனையும் ஒரே தட்டில் ரூனாகிவிடும். பீடத்துக்குப் பீடம் ரூன் மாறும். அவ்வளவுதான் வேலை. மற்றதெல்லாம் நடை.

இதை எனக்குப் புரியவைத்தது என் அம்மா. அவருக்கு இந்த விளையாட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். இப்போது அந்த இடம் முழுக்கச் செம்பனை. பால்மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து ஊர் குவாலா கங்சாருக்குத்தான் போக வேண்டும், 1877-இல் நட்ட மரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. ஒருநாள் சாயங்காலம் நான் வீட்டு முன்னால் ஐந்தடியில் உட்கார்ந்து எசன்ஸ் சுமந்துகொண்டிருந்தேன். அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னடா அது, கட்டம் கட்டமா?”

“பை ம்மா. 28 கட்டம். ஒரு கட்டத்துல ஒரு கல்லுதான் வைக்கலாம்.”

“அப்ப கடைசி அஞ்சு கட்டத்துல என்னா வெச்சிருக்க?”

பார்த்தேன். கடப்பாரை, தாயத்து, கத்தி, ரொட்டி, சில்லறைக் காசு.

“காண்டாவில ரெண்டு வாளி தூக்கிட்டு நடக்கிறவ, வாளிக்குள்ள சோத்துச் சட்டியையும் வெச்சுக்கிட்டா பால எங்கடா ஊத்துவா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். காண்டா என்றால் இரண்டு பக்கமும் வாளி தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு.

நிரை நிரையாக மரம் வெட்டி, மரத்தில் வைத்த மங்குக் கிண்ணத்திலிருந்து பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குச் சுமந்து போய் எடை போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெட்டுவது கையில், வருமானம் காலில். ஒரு நடைக்கு எத்தனை சுமை, ஒரு நடைக்கு எத்தனை நிமிடம். ரூன்கிராஃப்டில் இந்த இரண்டுக்கு மேல் மூன்றாவது ரகசியம் கிடையாது. இனி ஒவ்வொரு படியாகப் போவோம்.

தொடங்குவதற்கு முன்

நுழையும்போது உலகங்களின், அதாவது சர்வர்களின், பட்டியல் வரும். ஆஸ்திரேலியா என்று போட்டிருக்கும் இலவச உலகத்தை முதலில் தட்டிப் பாருங்கள். நம் ஊரிலிருந்து இங்கிலாந்து, அமெரிக்காவை விட அது பக்கம், தட்டியதற்கும் நடப்பதற்கும் இடையில் இழுபறி குறையும். எங்கள் லயத்தில் சிக்னல் ஒரு கோடு நின்றால் பெரிய விஷயம். கோயில் பக்கம் சாலையோரத்தில் உட்கார்ந்தால்தான் ஒழுங்காக ஓடும். நல்லவேளை, ரூன்கிராஃப்டில் சண்டை கிடையாது. பாதி வழியில் லைன் போனாலும் சுமந்த கல் பையிலேயே இருக்கும், திரும்ப நுழைந்து நடக்கலாம். மழைக்கால மாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான திறன் எனக்குத் தெரியவில்லை.

ஒரே கணக்கில் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடலாம். கணக்கு திறந்த அன்றே இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள், விளையாட்டுக்குள் இருக்கும் பேங்குக்கும் பின் எண் வையுங்கள். “உன் காசைக் கொடு, இரண்டு மடங்காக்கித் தருகிறேன்” என்று யாராவது கத்திக்கொண்டு நிற்பார்கள். தாண்டிப் போய்விடுங்கள்.

முதல் படி: ரூன் மர்மங்கள்

எசன்ஸ் சுரங்கத்துக்குள் போக அனுமதி வேண்டும். அதற்கு ‘ரூன் மிஸ்டரீஸ்’ என்ற சின்ன குவெஸ்ட்டை (கதைப் பணியை) முடிக்க வேண்டும். சண்டை இல்லை, திறன் தகுதி இல்லை. தபால்காரர் வேலை மாதிரிதான்.

லம்பிரிட்ஜ் கோட்டை மாடியில் டியூக் ஹொரேஷியோ இருப்பார். அவரிடம் பேசினால் காற்றுத் தாயத்து ஒன்றைத் தருவார். அதை எடுத்துக்கொண்டு டிரேனோர் கிராமத்துக்குத் தெற்கே இருக்கும் மந்திரவாதிகள் கோபுரத்துக்குப் போங்கள். ஏணியில் கீழே இறங்கினால் நிலவறையில் செட்ரிடோர். அவர் ஒரு பொட்டலம் தருவார். அது வாராக் நகரத்தின் தென்கிழக்கில் ரூன் கடை வைத்திருக்கும் ஆபரிக்கு. ஆபரி சில குறிப்புகளைத் தருவார். அதைத் திரும்பவும் கோபுரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முடிந்தது. தாயத்தும் உங்களுக்கே, சுரங்கமும் திறந்துவிடும்.

ஒரே ஒரு இடத்தில் கவனம். வாராக்கின் தெற்கு வாசலுக்குப் போகும் வழியில் ஒரு கல் வட்டம் இருக்கிறது, அதில் கறுப்பு மந்திரவாதிகள் நிற்பார்கள். புது ஆளைக் கண்டால் கேள்வி கேட்காமல் அடிப்பார்கள். சித்தி மகன் முதல் தடவை அங்கேதான் செத்தான். வட்டத்தை ஒட்டிப் போகாமல் கிழக்குப் பக்கமாக விலகி நடங்கள். செத்தாலும் பதற வேண்டாம். செத்த இடத்தில் ஒரு கல்லறை நிற்கும், 15 நிமிடத்துக்குள் போனால் சாமானை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: கல் வெட்டுவது

குவெஸ்ட் முடியும்போது நீங்கள் செட்ரிடோர் முன்னால் நிற்பீர்கள். அவரும் சுரங்கத்துக்கு அனுப்புவார். ஆனால் சுரங்கத்தின் கதவு எப்போதும் அனுப்பியவரிடமே உங்களைத் திரும்பக் கொண்டுவந்து விடும். கோபுரத்தில் பேங்க் இல்லை, டிரேனோர் வரை நடக்க வேண்டும். அதனால் திரும்ப வாராக்குக்கே வந்து ஆபரி வழியாகப் போங்கள். அவர் கடையிலிருந்து கிழக்கு பேங்க் கூப்பிடு தூரம். இந்த ஒரு தேர்விலேயே பாதி நடை மிச்சம்.

தொடக்கப் பயிற்சியில் கொடுத்த வெண்கலக் கடப்பாரையே போதும். ஆனால் அதைப் பையில் வைக்காதீர்கள், கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆயுதம் மாதிரி அணிந்துகொண்டால் கட்டம் ஒன்று மிச்சம். சுரங்கத் திறன் ஏற ஏற நல்ல கடப்பாரைக்கு மாறலாம். இரும்புக்குத் தகுதி எதுவும் வேண்டாம், எஃகுக்கு 6, மித்ரிலுக்கு 21.

சுரங்கத்தில் உள்ள கல் தீரவே தீராது. ஒரு தட்டுத் தட்டிவிட்டால் பை நிறையும் வரை பொம்மை தானாக வெட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தேநீர் ஒன்று கலக்கிக்கொண்டு வரலாம். பை நிறைந்ததும் கதவு வழியே வெளியே வந்து பேங்கில் போடுங்கள். திரும்ப ஆபரி.

இங்கே புதியவர்கள் செய்யும் தப்பு: 28 கல் வெட்டி, உடனே பீடத்துக்கு நடந்து, திரும்ப வந்து இன்னும் 28. அப்படிச் செய்ய வேண்டாம். முதலில் வெட்டுகிற வேலையை முடித்துவிடுங்கள். ஒரு பேங்கில் போட்ட சாமானை எந்த ஊர் பேங்கிலும் எடுக்கலாம். வாராக்கில் 200 கல் சேர்த்துவிட்டு ஃபாலடோர் நகரத்துக்கு வெறுங்கையோடு போனால் போதும், அங்கே உள்ள பேங்கில் அத்தனையும் இருக்கும். நிஜ வாழ்க்கையில் அப்படி ஒரு பால் ஸ்டோர் இருந்திருந்தால் அம்மாவுக்கு முதுகுவலி வந்திருக்காது.

எசன்ஸை மொத்தச் சந்தையில் (ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் ‘கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்’) வாங்கவும் முடியும். ஆனால் புதுக் கணக்குகளுக்குச் சில பொருள்களை விற்க வாங்கக் கட்டுப்பாடு உண்டு, கையில் காசும் இருக்காது. முதல் சில நூறு கல்லை நீங்களே வெட்டிவிடுங்கள். சுரங்கத் திறனும் கூடவே ஏறும்.

மூன்றாம் படி: காற்று, ஏழே நடை

முதல் லெவலில் செய்ய முடிவது காற்று ரூன் மட்டும்தான். பீடம் ஃபாலடோருக்குத் தெற்கே. கிழக்கு பேங்கில் எசன்ஸை எடுத்துக்கொண்டு தெற்கு வாசல் வழியாக வெளியேறினால் இடிந்த கற்கள் வட்டமாக நிற்பது தெரியும். பையிலுள்ள தாயத்தைத் தட்டி, பிறகு அந்தக் கல்லைத் தட்டினால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தாயத்தை ஒவ்வொரு நடையிலும் சுமந்தால் எப்போதும் ஒரு கட்டம் போய்விடும். 27 கல்தான். அதற்கு மாற்று டியாரா என்ற தலைக்கிரீடம். வெறும் டியாராவும் தாயத்தும் பையில் இருக்கும்போது பீடத்தில் டியாராவைப் பயன்படுத்தினால் இரண்டும் ஒன்றாகிக் காற்று டியாரா ஆகிவிடும். அதைத் தலையில் மாட்டிக்கொண்டால் கல்லை ஒரே தட்டில் திறக்கலாம், பையில் 28 கட்டமும் காலி. வெறும் டியாராவை வெள்ளிக் கட்டியில் நாமே செய்யக் கைவினைத் திறன் 23 வேண்டும், புது ஆளுக்கு அது தூரம். மொத்தச் சந்தையில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு எசன்ஸைக் காற்று ரூனாக்கினால் 5 அனுபவப் புள்ளி, பையன்கள் பேச்சில் எக்ஸ்பி. ஒன்பதாம் லெவலுக்கு மொத்தம் 969 எக்ஸ்பி வேண்டும். முதல் நடையில் தாயத்து, டியாரா போக 26 கல்: 130. டியாரா செய்ததற்கு 25. அடுத்த ஆறு நடைக்கு 28 கல் வீதம் 840. ஆக 995. ஏழு நடையில் ஒன்பதாம் லெவல். டியாரா இல்லாமல் தாயத்தோடு போனால் நடைக்கு 135, எட்டு நடை ஆகும். ஒரே ஒரு நடைதானே வித்தியாசம் என்று தோன்றும். பின்னால் நடை நூற்றுக்கணக்கில் போகும்போது அந்த ஒரு கட்டம் பேசும்.

ஒன்பதுக்குள் மனோ ரூனும் நீர் ரூனும் திறக்கும், 2-இலும் 5-இலும். ஒரு கல்லுக்கு 5.5, 6. அந்த அரைப் புள்ளிக்காகப் புதுத் தாயத்து தேடிப் புது வழி பழகுவது வீண். தாண்டிவிடுங்கள்.

காற்று ரூனை விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு என் கதை. ஆடத் தொடங்கிய புதிதில் மூன்று வாரம் காற்று ரூன் மட்டுமே செய்தேன். லெவல் 11-இல் ஒரு கல்லுக்கு இரண்டு ரூன், 22-இல் மூன்று என்று பெருகும் என்று தெரிந்ததும் ஆசை விடவில்லை. ஆயிரக்கணக்கில் சேர்த்து விற்கப் போனால் கிடைத்தது டீக்காசு. வாராக்கிலேயே ஒரு கடையில் காற்றுக் கோல் விற்கிறார்கள். அதைக் கையில் பிடித்தால் காற்று ரூன் எத்தனை வேண்டுமானாலும் இலவசம், தீரவே தீராது. அப்புறம் என் மூட்டையை யார் வாங்குவார்கள்? அதே நகரத்துக்கு வந்து வந்து மூன்று வாரம் கல் வெட்டியிருக்கிறேன், ஒரு தடவை அந்தக் கடைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் இதில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கல்லில் இரண்டு ரூன் வந்தாலும் எக்ஸ்பி இரட்டிப்பாகாது. எக்ஸ்பி கல்லுக்குத்தான், ரூனுக்கு இல்லை. லெவல் ஏறுவது நோக்கமென்றால் இந்தப் பெருக்கத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

நாலாம் படி: மண்ணில் வேர் விடுவது

ஒன்பதில் மண் ரூன் திறக்கும். இலவசமாக ஆடுகிறவர்களுக்கு என் கணக்கில் இதுதான் வீடு. காரணம் இடம். வாராக் கிழக்கு பேங்கிலிருந்து வெளியே வந்து கிழக்கு வாசலைத் தாண்டி வடகிழக்காக நடந்தால் பீடம். வெட்டுகிற இடம், சேர்க்கிற இடம், ரூன் செய்கிற இடம் மூன்றும் ஒரே நகரத்தைச் சுற்றி. கல் தீர்ந்தால் ஆபரியிடம் ஓடலாம், நிறைந்தால் பீடத்துக்கு ஓடலாம்.

மண் தாயத்து வேண்டும். லம்பிரிட்ஜில் சும்மா நடமாடும் ஆட்களை அடித்தால் எப்போதாவது விழும். அதிர்ஷ்டம் இருந்தால் பத்தாவது ஆளிடம், இல்லையென்றால் நூறு பேரை அடித்தாலும் கிடைக்காது. சண்டைத் திறன் ஏற்ற வேண்டியிருக்கிறவர்கள் அங்கேயே ஏற்றிக்கொண்டு இதையும் எதிர்பார்க்கலாம். பொறுமை இல்லாதவர்கள் சந்தையில் வாங்கட்டும்.

மண் ரூனுக்கு 6.5. டியாராவோடு ஒரு நடைக்கு 182. லெவல் 26-க்கு மொத்தம் 8,740 எக்ஸ்பி வேண்டும். ஒன்பதிலிருந்து அங்கே போக 43 நடை, ஏறத்தாழ 1,200 கல். படித்தவுடன் மலைப்பாக இருக்கும். அதனால்தான் கல்லை முன்கூட்டியே சேர்க்கச் சொன்னேன். 1,200 கல்லையும் வெட்டி முடித்துவிட்டுப் பீடத்து நடையை மட்டும் ஒரே மூச்சில் செய்தால் லெவல் படபடவென்று ஏறுவது கண்ணுக்குத் தெரியும், கை சோராது.

இடையில் 14-இல் தீ ரூன், 20-இல் உடல் ரூன். ஒரு கல்லுக்கு 7, 7.5. தீப் பீடம் அல் கரித்துக்கு வடக்கே, உடல் பீடம் எட்ஜ்வில்லுக்குத் தெற்கே. புள்ளி அதிகம் என்றதும் புது ஆட்கள் உடனே மாறிவிடுகிறார்கள். மாறுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். பேங்க் வாசலில் கிளம்பி, பீடம் போய், அதே வாசலுக்குத் திரும்ப எத்தனை நிமிடம்? மண் நடைக்கு உங்களுக்கு இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 நடை, 5,460 எக்ஸ்பி. உடல் ரூனில் ஒரு நடைக்கு 210. அதே 5,460 வர மணிக்கு 26 நடை வேண்டும், அதாவது நடை ஒன்றுக்கு இரண்டே கால் நிமிடத்துக்குச் சற்று மேல். அதைத் தாண்டினால் மண்ணே மேல். என் கையும் என் போனும் வேறு, உங்களுடையது வேறு. ஆளுக்கு ஆள் நேரம் மாறும், அதனால் ஐந்து நடை போய்ப் பார்த்துச் சராசரி எடுங்கள்.

நேரத்தைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, ஓட்டம். திரையில் பூட்ஸ் படம் இருக்கும், தட்டினால் ஓடும். ஓட ஓடச் சக்தி குறையும், எடை அதிகமென்றால் இன்னும் வேகமாகக் குறையும். இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு ரூன் செய்யப் போகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். யாருடன் சண்டை? எல்லாவற்றையும் கழற்றி பேங்கில் போடுங்கள். சுமையோடு போகும்போது ஓடுங்கள், சக்தி தீர்ந்தால் கல் வெட்டப் போய்விடுங்கள். வெட்டுகிற நேரத்தில் சக்தி ஊறிவிடும்.

இரண்டு, பேங்கில் விரல் வேலை. எடுக்கும் அளவை ‘எல்லாம்’ என்று வைத்துவிட்டால் ஒரே தட்டில் 28 கல் வந்துவிடும். பத்து பத்தாக எடுக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எசன்ஸைப் பேங்கின் முதல் கட்டத்துக்கு இழுத்து வையுங்கள். கைப்பேசித் திரையில் கட்டை விரல் படுகிற இடம் முக்கியம். கல்லைச் சீட்டு வடிவில் எடுக்காதீர்கள், சீட்டாக எடுத்தால் ஆயிரம் கல்லும் ஒரே கட்டத்தில் அடங்கும்தான், ஆனால் பீடம் ஏற்காது. சித்தி மகன் அந்தச் சீட்டோடு பீடம் வரை போய் அதை முப்பது தடவை தட்டினான். சத்தியம்.

சந்தா கட்டினால்

இலவசத்தில் ஆறே பீடம்தான். அதற்கு மேல் போகச் சந்தா வேண்டும். ரிங்கிட் செலவழிக்க மனமில்லாதவர்கள் விளையாட்டுக் காசில் ‘பாண்ட்’ வாங்கலாம், ஒன்றுக்கு 14 நாள் கிடைக்கும். ஆனால் இந்தத் திறனை வைத்து அந்தக் காசைச் சேர்க்கலாம் என்று முதல் மாதமே கனவு காண வேண்டாம்.

சந்தாவில் முதலில் மாறுவது கல். சுரங்கத் திறன் 30 ஆனால் அதே இடத்தில் தூய எசன்ஸ் கிடைக்கும். பிரபஞ்ச ரூன் 27, குழப்ப ரூன் 35, இயற்கை ரூன் 44, சட்ட ரூன் 54, மரண ரூன் 65. இதெல்லாம் தூய எசன்ஸில் மட்டும்தான் ஆகும்.

அடுத்தது சுருக்குப்பை. இதுதான் வாளிக்குள் வாளி. சின்னப் பையில் 3 கல், லெவல் 25-இல் நடுப் பையில் 6, 50-இல் பெரிய பையில் 9, 75-இல் ராட்சதப் பையில் 12. ஒவ்வொரு பையும் ஒரு கட்டம் எடுக்கும். நாலு பையும் இருந்தால் 24 கட்டமும் 30 கல்லும் சேர்ந்து ஒரு நடைக்கு 54. ஏறத்தாழ இரட்டிப்பு. சின்னப் பையைத் தவிர மற்றவை பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும், அவ்வப்போது பழுது பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த பை திறக்கிற லெவலையே இலக்காக வைத்துக்கொள்ளலாம். 99 என்ற எண்ணை விட இது கைக்கு எட்டும்.

இந்தப் பைகள் கிடைக்கிற இடங்களில் ஒன்று அபிஸ். அங்கிருந்து பெரும்பாலான பீடங்களுக்கு நேராகப் போகலாம், நடையை வெட்டிவிடும் குறுக்கு வழி. ஆனால் அதன் வாசல் எட்ஜ்வில்லுக்கு வடக்கே வைல்டர்னஸில் இருக்கிறது. அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம். உள்ளே நுழைந்ததும் தலையில் மண்டையோடு விழும். அந்த நிலையில் செத்தால் வழக்கமாக மிஞ்சுகிற மூன்று பொருள் கூட மிஞ்சாது. விலை உயர்ந்தது எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இயற்கை ரூன் செய்ய இந்த வழி நல்லதுதான், பயம் விட்டுப்போன பிறகு.

பயம் வேண்டாமென்றால் 2022 மார்ச்சில் வந்த ‘கார்டியன்ஸ் ஆஃப் தி ரிஃப்ட்’. கூட்டமாகச் சேர்ந்து ஆடும் சிறு ஆட்டம். கல் வெட்டுவது, எசன்ஸ் செய்வது, பீடம், எல்லாமே ஒரு மண்டபத்தைச் சுற்றி நடக்கும். நெடுநடை கிடையாது. போவதற்கு ‘டெம்பிள் ஆஃப் தி ஐ’ குவெஸ்ட் முடித்திருக்க வேண்டும், அதற்கு ரூன்கிராஃப்ட் 10 வேண்டும். முதல் இரண்டு சுற்று என்ன நடக்கிறதென்றே புரியாது. மற்றவர்கள் ஓடுகிற பக்கம் ஓடுங்கள், மூன்றாவது சுற்றில் பிடிபட்டுவிடும். சந்தா கட்டியவர்களை நான் நேராக இங்கேதான் அனுப்புவேன். அம்மா பாஷையில் சொன்னால், ஸ்டோரையே நிரைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்த மாதிரி.

கண்ணை வேறு எங்காவது வைத்துக்கொண்டு ஆட விரும்புகிறவர்கள் 77 வரை பொறுக்க வேண்டும். அப்போது குருதி ரூன் திறக்கும். அதன் கல் ஒரு தட்டுக்கு வெகுநேரம் தானாக வெட்டிக்கொண்டிருக்கும், சமையல் பார்த்துக்கொண்டே செய்யலாம். 77-க்கு 14,75,581 எக்ஸ்பி. 99-க்கு 1,30,34,431. இதில் ஒரு வேடிக்கை, 92-ஆம் லெவல்தான் பாதி வழி.

சித்தி மகன் விடுமுறை முடிந்து ஈப்போவுக்குத் திரும்பும்போது 23-இல் இருந்தான். ரயில் ஏறிய பிறகு ஒரு படம் அனுப்பினான். பையில் 28 கட்டமும் எசன்ஸ், தலையில் மண் டியாரா, உடம்பில் வேறு ஒரு நூல் கிடையாது. அம்மாவிடம் காட்டினேன். “சட்டையாச்சும் போடச் சொல்லுடா” என்றார்.